மண்ணில் இருந்தும் பயிருக்கு எட்டாத மணிச்சத்து

திருச்சி - சென்னை நெடுஞ்சாலையில் பாடாலூருக்குக் கிழக்கே ஊட்டத்தூர், காரை, கொளக்காநத்தம் ஆகிய ஊர்களைச் சுற்றி மழைநீர் அரித்த ஓடைகளும் பள்ளங்களும் நிறைய உள்ளன. அவற்றின் கரைகளில் மஞ்சளும் பழுப்புமான களிமண் அடுக்குகள் வெளியே தெரியும். நத்தைபோல் சுருண்ட கல்சிப்பிகளும் வெண்மையான ஜிப்சப் பாளங்களும் அங்கு ஆடு மேய்ப்பவர்களுக்குப் பழக்கமானவை. அவற்றோடு கரடுமுரடான கல் உருண்டைகளும் அந்தக் களிமண்ணில் கிடக்கின்றன. பார்வைக்கு வெறும் கல்தான். ஆனால் உரக் கணக்குப்படி பார்த்தால், அந்தக் கல்லின் எடையில் சுமார் கால் பங்கு மணிச்சத்தாகும். கடையில் வாங்கும் சூப்பர் பாஸ்பேட் மூட்டையிலோ மணிச்சத்து 16 சதவீதம் மட்டுமே.

அப்படியிருக்க, இந்தப் பூமியின்மேல் பயிர் செய்யும் பெரம்பலூர், அரியலூர் விவசாயிகள் ஆண்டுதோறும் புரட்டாசியில் டி.ஏ.பி. மூட்டைக்கு ஏன் அலைய வேண்டும்? காலடியில் கிடக்கும் கல்லைப் பொடித்து நிலத்தில் போட்டால் போதாதா?

போதாது. அதற்கான காரணத்தைப் புரிந்துகொள்ள விஞ்ஞானிகளுக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அந்தக் காரணத்தைத் தெரிந்துகொண்ட விவசாயி, இரண்டு ஏக்கர் மானாவாரி நிலத்துக்குச் செய்யும் உரச் செலவில் கணிசமான பகுதியை வீணாகாமல் காத்துக்கொள்ளலாம்.

பயிரின் உணவு எது?

பயிர் எதை உண்டு வளர்கிறது என்ற கேள்விக்கு முதலில் சோதனை செய்து விடை தேடியவர்களில் ஒருவர், இன்றைய பெல்ஜியம் நாட்டைச் சேர்ந்த வான் ஹெல்மாண்ட். ஒரு தொட்டியில் 200 ராத்தல் உலர்ந்த மண்ணை நிறுத்துப் போட்டு, 5 ராத்தல் எடையுள்ள வில்லோ மரக்கன்று ஒன்றை நட்டார். ஐந்து ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றி வந்தார். பிறகு மரத்தை எடுத்து நிறுத்தபோது அது 169 ராத்தல் இருந்தது. மண்ணில் குறைந்ததோ இரண்டு அவுன்சு மட்டுமே. ஆகவே மரம் முழுவதும் தண்ணீரிலிருந்தே உண்டானது என்று அவர் முடிவு செய்தார். இச்சோதனை 1648-இல் வெளியான அவரது நூலில் இடம்பெற்றது.

சோதனை நல்ல சோதனைதான், முடிவு தவறானது. மரத்தின் எடையில் பெரும்பகுதி காற்றிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் வந்தது. குறைந்துபோன இரண்டு அவுன்சு மண்ணை அவர் பொருட்படுத்தவில்லை. தொட்டி மண்ணில் இருந்த உப்புச் சத்துக்கள் இல்லாமல் அந்த மரம் வளர்ந்திருக்க முடியாது என்பது பின்னால் தெளிவாயிற்று. 1804-இல் சுவிட்சர்லாந்து நாட்டு விஞ்ஞானி டி சோசூர், செடியை எரித்தால் மிஞ்சும் சாம்பலில் உள்ள சத்துக்கள் மண்ணிலிருந்து வேர் வழியாக வந்தவையே என்று காட்டினார். ஜெர்மனியில் ஸ்பிரெங்கல் என்பவரும், அவருக்குப் பின் லீபிக் என்பவரும் இதை மேலும் விளக்கினர். லீபிக் 1840-இல் எழுதிய நூல் உலகெங்கும் உர விஞ்ஞானத்துக்கு அடிப்படையாயிற்று.

இவர்கள் சொன்ன முக்கியமான விதி ஒன்று உண்டு. பயிருக்குத் தேவையான சத்துக்களில் எது மிகக் குறைவாக இருக்கிறதோ அதுதான் மகசூலை நிர்ணயிக்கும். இதை ஏரிக்கரையை வைத்துப் புரிந்துகொள்ளலாம். கரை எவ்வளவு உயரமாக இருந்தாலும், தாழ்ந்த இடம் ஒன்று இருந்தால் தண்ணீர் அந்த மட்டத்துக்குத்தான் நிற்கும். மற்ற இடங்களில் எத்தனை வண்டி மண் கொட்டினாலும் ஒரு சாண் தண்ணீர் கூடாது. அதுபோல, மணிச்சத்து போதாத நிலத்தில் யூரியாவை இரட்டிப்பாக்குவதால் பலன் இல்லை. துத்தநாகம் போதாத நிலத்தில் டி.ஏ.பி.யைக் கூட்டினாலும் பலன் இல்லை.

கரையாத எலும்பும் கரைந்த எலும்பும்

மணிச்சத்துக்காக இங்கிலாந்து விவசாயிகள் அக்காலத்தில் எலும்பைப் பொடித்து நிலத்தில் இட்டனர். சில நிலங்களில் அது நன்றாகப் பலன் தந்தது. சுண்ணாம்பு மிகுந்த நிலங்களிலோ எலும்பு போட்டும் போடாததும் ஒன்றாகவே இருந்தது. ஏன் என்று எவருக்கும் விளங்கவில்லை.

ஜான் பென்னட் லாஸ் என்ற நிலச்சுவான்தார், எலும்புத்தூளையும் பாஸ்பேட் கல்லையும் கந்தக அமிலத்தில் ஊறவைத்துப் பார்த்தார். அமிலம் பட்டதும், தண்ணீரில் கரையாத பாஸ்பேட் கரையும் பாஸ்பேட்டாக மாறியது. அதை இட்ட டர்னிப் கிழங்குப் பயிர் செழித்து வளர்ந்தது. 1842-இல் அவர் இதற்குக் காப்புரிமை பெற்றார். இன்று நாம் பயன்படுத்தும் சூப்பர் பாஸ்பேட் இப்படித்தான் பிறந்தது. மறு ஆண்டு, 1843-இல், ரோதம்ஸ்டெட் என்ற தம் பண்ணையில் கில்பர்ட் என்ற ரசாயன அறிஞரோடு சேர்ந்து கோதுமையில் உரச் சோதனை ஒன்றைத் தொடங்கினார். அச்சோதனை இன்றும் நடந்து வருகிறது.

எலும்பு போதாமல் போனபோது, ஹென்ஸ்லோ என்ற பேராசிரியர் சபோக் கடற்கரைப் பகுதியில் கிடைத்த பாஸ்பேட் உருண்டைகளை உரமாகப் பயன்படுத்தலாம் என்று 1840-களில் எடுத்துக் காட்டினார். பின்னர் கேம்பிரிட்ஜ் பகுதியிலும் இத்தகைய உருண்டைகள் ஏராளமாகத் தோண்டப்பட்டு, அமிலத்தில் கரைக்கப்பட்டு, சூப்பர் பாஸ்பேட்டாக விற்பனையாயின. கேம்பிரிட்ஜ் உருண்டைகள் கிடைத்த அடுக்கும் நம் ஊட்டத்தூர் அடுக்கும் ஏறத்தாழ ஒரே காலத்தவை. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன், இவ்விரு இடங்களும் கடலுக்கடியில் இருந்தபோது படிந்தவை அவை.

ஊட்டத்தூர் உருண்டைகளின் கதை

பெரம்பலூர், அரியலூர் பகுதியின் பாறை அடுக்குகளை 1860-களில் ஆராய்ந்த எச்.எப். பிளான்போர்டு என்ற புவியியல் அறிஞர் அவற்றை ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். இன்றும் உலகப் புவியியல் நூல்களில் இப்பெயர்களே வழங்குகின்றன. 1890-களின் முற்பகுதியில் எச். வார்த் என்ற அறிஞர், அன்றைய திருச்சி ஜில்லா பெரம்பலூர் தாலுகாவில், ஊட்டத்தூர் தொகுதிக் களிமண்ணில் கிடக்கும் உருண்டைகளைப் பரிசோதித்தார். அவற்றில் 56 முதல் 59 சதவீதம் வரை கால்சியம் பாஸ்பேட் இருந்தது. அதோடு சுமார் 16 சதவீதம் சுண்ணாம்புக் கார்பனேட்டும் இருந்தது. 200 அடி ஆழம் வரை கணக்கிட்டால் சுமார் 80 லட்சம் டன் உருண்டைகள் கிடைக்கும் என்று அவர் மதிப்பிட்டார்.

உரமே அரிதாக இருந்த காலத்தில் இது பெரிய செய்தி. ஏறத்தாழ அதே காலத்தில், 1889 முதல் 1891 வரை இந்தியாவைச் சுற்றிப்பார்த்த வோல்க்கர் என்ற ஆங்கிலேய ரசாயன நிபுணர், 1893-இல் வெளியான தம் அறிக்கையில், இந்திய உழவரின் திறமையைப் பாராட்டினார். அதோடு, சாணம் விறகாக எரிக்கப்படுவதையும், எலும்பு வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாவதையும் மண் வளத்துக்கு நேரும் இழப்பாகச் சுட்டிக் காட்டினார்.

ஊட்டத்தூர் உருண்டைகளை நன்றாகப் பொடித்துத் தென்னிந்தியக் காப்பித் தோட்டங்களுக்கு உரமாக விற்க முயற்சி நடந்தது. அது நீடிக்காமல் கைவிடப்பட்டது. உருண்டைகள் களிமண்ணில் ஒரே சீராக இல்லாமல் ஆங்காங்கே சிதறிக் கிடப்பதால் தோண்டிப் பொறுக்கி எடுப்பது எளிதன்று. பொடியாக இட்டால் மெதுவாகவே கரையும். அமிலத்தில் கரைத்து சூப்பர் பாஸ்பேட்டாக மாற்றலாம் என்றால், உருண்டையில் உள்ள சுண்ணாம்புக் கார்பனேட் அமிலத்தின் ஒரு பகுதியைத் தானே விழுங்கிவிடும். நம் நாட்டில் முதல் சூப்பர் பாஸ்பேட் ஆலை, பாரி கம்பெனியால் இராணிப்பேட்டையில் 1906-இல்தான் ஏற்பட்டது. எனவே பெரம்பலூர் உருண்டைகள் உரமாகாமல் ஓடைகளிலேயே தங்கிவிட்டன.

காப்பித் தோட்டத்துக்கு அதை அனுப்ப நினைத்ததில் ஒரு நியாயம் இருந்தது. மலைத் தோட்டங்களின் மண் பெரும்பாலும் புளிப்புத்தன்மை உடையது. அதாவது அமில மண். அத்தகைய மண்ணில் பாஸ்பேட் கல்லின் பொடி சிறிது சிறிதாகக் கரையும். மண்ணில் உள்ள அமிலமே, ஆலையில் கந்தக அமிலம் செய்யும் வேலையில் ஒரு பகுதியைச் செய்கிறது. இன்றும் மலைத் தோட்டப் பயிர்களுக்கு ராக் பாஸ்பேட் இடுவது இதனால்தான். ஆனால் பெரம்பலூர்க் கரிசலில் அமிலம் இல்லை, சுண்ணாம்புதான் இருக்கிறது. அந்த மண்ணில் கல் கல்லாகவே கிடக்கும். ஆகவே, விலை குறைவு என்று ராக் பாஸ்பேட்டை வாங்கிக் கரிசலில் இடுவது பணத்தை மண்ணில் புதைப்பதற்குச் சமம்.

கோவையில் நடந்த சோதனை

சென்னை மாகாணத்தில் விவசாய ஆராய்ச்சி 1860-களில் சைதாப்பேட்டைப் பண்ணையில் தொடங்கியது. அங்கே 1876-இல் விவசாயப் பள்ளி ஏற்பட்டது. 1906-இல் அது கோயம்புத்தூருக்கு மாற்றப்பட்டு, பின்னர் 1971-இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. கோவையில் 1909-இல் ரோதம்ஸ்டெட் முறையைப் பின்பற்றி நிரந்தர உரச் சோதனை ஒன்று தொடங்கப்பட்டது. ஒரு பாத்திக்குத் தொழு உரம், ஒன்றுக்குத் தழைச்சத்து மட்டும், ஒன்றுக்கு மணிச்சத்து மட்டும், ஒன்றுக்கு மூன்று சத்துக்களும், ஒன்றுக்கு எதுவுமே இல்லை என்று வகைப்படுத்தி, ஆண்டுதோறும் அதே பாத்தியில் அதே உரம் இடப்பட்டு வந்தது.

நாளடைவில் தெளிவாகத் தெரிந்த உண்மை இது: மணிச்சத்து கிடைக்காத பாத்திகள் பின்தங்கின. தழைச்சத்தும் சாம்பல் சத்தும் தவறாமல் பெற்றும், மணிச்சத்து பெறாத பாத்தியால் தலைநிமிர முடியவில்லை. மூன்று சத்தும் பெற்ற பாத்தியும், தொழு உரம் பெற்ற பாத்தியும் விளைச்சலைத் தக்க வைத்துக்கொண்டன. லீபிக் சொன்ன விதி நம் மண்ணுக்கும் பொருந்துகிறது என்பதற்கு இது கண்கூடான சாட்சி.

இட்ட உரம் எங்கே போகிறது?

இனி நம் வயலுக்கு வருவோம். பெரம்பலூர் மாவட்டத்தின் கரிசல் நிலங்களில் மக்காச்சோளமும் பருத்தியும் முக்கியப் பயிர்கள். சின்ன வெங்காயமும் பரவலாகப் பயிரிடப்படுகிறது. அரியலூர் மாவட்டத்தில் ஜெயங்கொண்டம், ஆண்டிமடம், செந்துறைப் பக்கம் செம்மண் நிலத்தில் முந்திரி பரவியிருக்கிறது. சிமெண்டு ஆலைகளுக்குக் கல் கொடுக்கும் சுண்ணாம்புப் பாறை இப்பகுதியில் நிறைந்திருப்பது எல்லோரும் அறிந்ததே. அந்தச் சுண்ணாம்பு, வெள்ளைச் சுக்கான் துணுக்குகளாக வயல் மண்ணிலும் கலந்திருக்கிறது.

கரையும் நிலையில் உள்ள மணிச்சத்தை இத்தகைய மண்ணில் இட்டவுடன், சுண்ணாம்பு அதைப் பற்றிக்கொள்கிறது. நாள் செல்லச் செல்ல அது மீண்டும் கரையாத பாஸ்பேட்டாக மாறுகிறது. சுருங்கச் சொன்னால், ஆலையில் அமிலம் செய்த வேலையை மண்ணில் சுண்ணாம்பு திருப்பிச் செய்கிறது; உரத்தை மறுபடியும் கல்லாக்குகிறது. செம்மண்ணில் சுண்ணாம்புக்குப் பதிலாக இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைப் பிடித்துக்கொள்கின்றன. இட்ட மணிச்சத்தில் சுமார் 15 முதல் 20 சதவீதமே அந்தப் போகத்துப் பயிருக்குக் கிடைக்கிறது.

மீதி அழிந்துபோவதில்லை. தழைச்சத்தைப்போல அது ஆவியாகப் போகாது; மழைநீரோடு எளிதில் கீழே இறங்கவும் செய்யாது. மண்ணிலேயே தங்கி, மிக மெதுவாகப் பின்வரும் பயிர்களுக்குக் கிடைக்கும். ரோதம்ஸ்டெட் பண்ணையில் 1901-இல் மணிச்சத்து நிறுத்தப்பட்ட பாத்திகளில், பழைய உரத்தின் பலன் பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் தெரிந்தது. ஆகவே ஆண்டுதோறும் தாராளமாக டி.ஏ.பி. இட்டு வந்த நிலத்தில் ஒரு சேமிப்பு ஏற்பட்டிருக்கும். அந்தச் சேமிப்பு எவ்வளவு என்று பாராமல் மேலும் மேலும் போடுவது வீண் செலவு.

அதே சமயம், சேமிப்பு இருக்கும் என்று நம்பி மணிச்சத்தை அறவே நிறுத்துவதும் சரியன்று. இங்கு விளையும் மக்காச்சோளம் நாமக்கல் கோழிப் பண்ணைகளுக்குத் தீவனமாகப் போகிறது. பயிர் எடுத்த மணிச்சத்தில் பெரும்பகுதி தட்டையில் தங்குவதில்லை, மணியில்தான் சேர்கிறது. மூட்டை மூட்டையாகச் சோளம் வெளியேறும்போது மண்ணின் மணிச்சத்தும் அதோடு வெளியேறுகிறது. முன்னோர் கோடையில் ஆட்டுக்கிடை போட்டும், ஏரி வண்டல் அடித்தும், கொளுஞ்சி, ஆவாரைத் தழை மிதித்தும் வேறிடத்துச் சத்தை வயலுக்குக் கொண்டுவந்தனர். அவை குறைந்துவிட்ட இக்காலத்தில், எடுத்ததைத் திருப்பித் தரும் பொறுப்பு விவசாயியுடையதே.

முதலில் மண் பரிசோதனை

தம் நிலத்தில் பயிருக்குக் கிட்டும் மணிச்சத்து எவ்வளவு என்பதை மண் பரிசோதனையால் மட்டுமே அறிய முடியும். கரிசல் போன்ற கார மண்ணுக்கு ஆல்சன் என்பவர் 1954-இல் வகுத்த முறை பயன்படுகிறது. மண்ணில் உள்ள மொத்த மணிச்சத்தை அது அளப்பதில்லை. பயிருக்கு எட்டக்கூடிய பகுதியை மட்டுமே அளக்கிறது. எக்டேருக்கு 11 கிலோவுக்குக் கீழ் இருந்தால் குறைவு. 11 முதல் 22 கிலோ வரை நடுத்தரம். 22 கிலோவுக்கு மேல் இருந்தால் அதிகம் என்று கொள்ள வேண்டும்.

கோடை உழவுக்குமுன் மண் மாதிரி எடுப்பது நல்லது. ஒரே மாதிரியான நிலத்தில் பத்துப் பதினைந்து இடங்களில், மேலே உள்ள சருகை நீக்கிவிட்டு, ஆங்கில 'வி' எழுத்தைப்போல 15 செ.மீ. ஆழத்துக்குக் குழி வெட்ட வேண்டும். குழியின் பக்கவாட்டில் மேலிருந்து கீழ்வரை ஒரே கனமாக மண்ணைச் செதுக்கி எடுக்க வேண்டும். பருத்திக்கு 22 செ.மீ. ஆழம் வேண்டும். வரப்பு ஓரம், மர நிழல், எருக்குவியல் இருந்த இடம், கிடை போட்ட இடம் ஆகியவற்றைத் தவிர்க்கவும். எல்லா மண்ணையும் கலந்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பகுதிகளைக் கழித்து, அரைக் கிலோ மிஞ்சும்வரை குறைத்து, நிழலில் உலர்த்தி, துணிப்பையில் இட்டு வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கொடுக்கலாம். 2015 முதல் வழங்கப்பட்டு வரும் மண் வள அட்டை கையில் இருந்தால், அதில் மணிச்சத்து, துத்தநாகம், கார அமில நிலை ஆகிய மூன்றையும் முதலில் பார்க்க வேண்டும்.

ஏக்கருக்கு எத்தனை கிலோ?

மண் பரிசோதனை செய்யாத நிலத்தில் மானாவாரி மக்காச்சோளத்துக்கான பொதுப் பரிந்துரை, கரிசலில் எக்டேருக்கு 40 கிலோ தழைச்சத்து, 20 கிலோ மணிச்சத்து. செம்மண்ணில் 60 கிலோ தழைச்சத்து, 30 கிலோ மணிச்சத்து, 30 கிலோ சாம்பல் சத்து. இதை ஏக்கருக்குக் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

கரிசலில் ஏக்கருக்குத் தேவையான மணிச்சத்து 8 கிலோ. 50 கிலோ சூப்பர் பாஸ்பேட் மூட்டை ஒன்றில் சரியாக 8 கிலோ இருக்கிறது. தழைச்சத்துக்கு சுமார் 35 கிலோ யூரியா போதும். செம்மண்ணுக்கு ஏக்கருக்கு சூப்பர் 75 கிலோ, யூரியா 52 கிலோ, பொட்டாஷ் 20 கிலோ.

டி.ஏ.பி. மூட்டை ஒன்றில் 23 கிலோ மணிச்சத்தும் 9 கிலோ தழைச்சத்தும் உள்ளன. எனவே கரிசலில் ஏக்கருக்கு ஒரு மூட்டை டி.ஏ.பி. இடுபவர், பொதுப் பரிந்துரையைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு மணிச்சத்தைக் கொட்டுகிறார். அந்த மூட்டை மூன்று ஏக்கருக்குப் போதுமானது. இறவையில் வீரிய ரகம் பயிரிடுவோருக்கு இதைவிடக் கூடுதலான அளவு தேவை என்பதை மறக்கக் கூடாது. எந்த நிலமாயினும், மண் பரிசோதனையின் முடிவு குறைவு என்று வந்தால் கூட்டியும், அதிகம் என்று வந்தால் குறைத்தும் இட வேண்டும்.

டி.ஏ.பி. கிடைக்கவில்லை என்று விதைப்பைத் தள்ளிப்போடுவோர் சூப்பர் பாஸ்பேட்டைத் தயங்காமல் பயன்படுத்தலாம். அதில் மணிச்சத்தோடு கந்தகமும் சுண்ணாம்புச் சத்தும் உண்டு. நிலக்கடலைக்கும் வெங்காயத்துக்கும் கந்தகம் மிகவும் வேண்டியது.

ஊட்டமேற்றிய தொழு உரம்

சூப்பர் பாஸ்பேட்டை நேராகக் கரிசலில் தூவினால் சுண்ணாம்பு உடனே பிடித்துக்கொள்ளும் என்று பார்த்தோம். அதைத் தடுக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. மானாவாரிப் பயிர்களுக்குப் பரிந்துரைக்கப்படும் ஊட்டமேற்றிய தொழு உரம்தான் அது.

ஏக்கருக்கு 300 கிலோ நன்கு மக்கிய தொழு உரத்தை எடுத்து, கட்டி உடைத்துச் சலித்துத் தூளாக்கிக்கொள்ளவும். அந்த ஏக்கருக்கு இட வேண்டிய சூப்பர் பாஸ்பேட் முழுவதையும் அதில் சேர்த்துக் கலக்கவும். கையில் எடுத்துப் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. அந்தப் பதத்துக்குத் தண்ணீர் தெளிக்கவும். நிழலில் குவித்து, மேலே சேற்றுமண் பூசிக் காற்றுப் புகாமல் மூடவும். ஒரு மாதம் கழித்துப் பிரித்து, விதைப்பின்போது விதைச் சாலில் இடவும்.

எரு மக்கும்போது உண்டாகும் அங்கக அமிலங்கள் மணிச்சத்தைக் கரையும் நிலையில் வைத்துக்கொள்கின்றன. எருவின் துகள்கள் அதைச் சூழ்ந்திருப்பதால் மண்ணின் சுண்ணாம்பு நேராக அதைத் தொடுவதில்லை. ஆவணியில் குவியல் போட்டால் புரட்டாசி விதைப்புக்குத் தயாராகிவிடும்.

வேருக்கு அருகில் இடுக

மணிச்சத்து மண்ணில் சில மில்லிமீட்டர் தூரமே நகரும். அது வேரைத் தேடிப் போகாது. வேர்தான் அதைத் தேடி வர வேண்டும். ஆகவே பரவலாக விசிறுவதைவிட, விதைச் சாலிலோ, விதைக்கு 5 செ.மீ. பக்கத்திலும் சற்றுக் கீழேயுமாகவோ இட்டால் பலன் அதிகம். மணிச்சத்து முழுவதையும் அடியுரமாகவே இட்டுவிட வேண்டும். முழங்கால் உயரம் வளர்ந்த பயிருக்கு மேலாக டி.ஏ.பி. தூவுவதில் அதன் தழைச்சத்து பயன்படலாம். மணிச்சத்து மேல்மண்ணிலேயே நின்றுவிடும்.

பூமியில் பூட்டிக் கிடக்கும் மணிச்சத்தைச் சிறிதளவு விடுவிக்க பாஸ்போபாக்டீரியா என்ற நுண்ணுயிர் உரம் உதவுகிறது. இந்த நுண்ணுயிர்கள் வெளிவிடும் அமிலங்கள் பாஸ்பேட்டைக் கரைக்கின்றன. எக்டேருக்கு 3 பொட்டலம், அதாவது 600 கிராம், ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதை நேர்த்தி செய்யலாம். அல்லது 2 கிலோவை 25 கிலோ தொழு உரம், 25 கிலோ மண்ணோடு கலந்து இடலாம். இதை ரசாயன உரத்தோடும் பூச்சிக்கொல்லி மருந்தோடும் கலக்கக் கூடாது. இது மணிச்சத்து உரத்துக்கு முழுமையான மாற்றன்று, துணை மட்டுமே.

சில பயிர்கள் இவ்வேலையைத் தாமே செய்யும். கொண்டைக்கடலையின் வேர் வெளிவிடும் அமிலம் சுண்ணாம்போடு சேர்ந்த மணிச்சத்தைக் கரைக்கிறது. துவரையின் வேர், செம்மண்ணில் இரும்போடு சேர்ந்த மணிச்சத்தையும் எடுக்க வல்லது என்று ஐதராபாத்துக்கு அருகே உள்ள இக்ரிசாட் நிறுவன விஞ்ஞானிகள் 1990-இல் வெளியிட்டனர். ஆண்டுக்காண்டு மக்காச்சோளமே போடாமல், இடையே துவரையைப் பயிரிட்டு, அதன் இலைச் சருகை நிலத்திலேயே மடக்கி உழுதால் அடுத்த பயிர் பயன்பெறும். கோழி எருவில் தொழு உரத்தைவிட மணிச்சத்து அதிகம். சோளத்தோடு நாமக்கல்லுக்குப் போன சத்தை மக்கிய கோழி எருவாகத் திரும்பக் கொண்டுவருவதும் நல்ல வழியே.

துத்தநாகத்தை மறவாதீர்

மணிச்சத்து மிகுந்தால் வேறொரு தீங்கும் உண்டு. சுண்ணாம்பு நிறைந்த மண்ணில் ஏற்கனவே பயிருக்குத் துத்தநாகம் எளிதில் கிடைப்பதில்லை. அதில் அளவுக்கு மீறி டி.ஏ.பி. இட்டால் பற்றாக்குறை இன்னும் கடுமையாகும். மக்காச்சோளக் குருத்தில், இலையின் நடுநரம்புக்கு இருபுறமும் அடிப்பாகத்தில் வெளிறிய பட்டைகள் தோன்றும்; குருத்து வெண்மையாகும். இதை மணிச்சத்துக் குறைவு என்று தவறாக எண்ணி மீண்டும் டி.ஏ.பி. இடுபவர்கள் உண்டு. மணிச்சத்துக் குறைந்தால் இளம் பயிரின் கீழ் இலைகள் ஊதா கலந்த நிறமாகும்; பயிர் குட்டையாக நிற்கும். இரண்டையும் வேறுபடுத்திப் பார்க்க வேண்டும்.

துத்தநாகம் குறைந்த நிலத்துக்கு ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை, மணல் கலந்து, கடைசி உழவுக்குப் பின் மண்ணின்மேல் தூவ வேண்டும். சூப்பர் பாஸ்பேட்டுடனோ டி.ஏ.பி.யுடனோ சேர்த்துக் கலக்கக் கூடாது. கலந்தால் இரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்து கரையாத பொருளாகிவிடும்.

முந்திரித் தோட்டம் வைத்திருக்கும் அரியலூர் விவசாயிகளுக்கு ஒரு குறிப்பு. மண் பரிசோதனையில் கார அமில நிலை 6-க்குக் கீழ் இருந்தால், அங்கே ராக் பாஸ்பேட் ஓரளவு பயன்படும். அதற்கு மேல் இருந்தால் சூப்பர் பாஸ்பேட்டே ஏற்றது.

மணிச்சத்து உரத்துக்கான மூலப்பொருளில் பெரும்பகுதியை நம் நாடு வெளிநாடுகளிலிருந்து வாங்குகிறது. அங்கே விலை ஏறினாலும் கப்பல் தாமதமானாலும் இங்கே விதைப்பு நேரத்தில் தட்டுப்பாடு ஏற்படுகிறது. அதைத் தடுப்பது சிறு விவசாயியின் கையில் இல்லை. ஆனால் வாங்கிய மூட்டையில் எவ்வளவு பயிருக்குப் போகிறது, எவ்வளவு கல்லாகிறது என்பது பெரும்பாலும் அவர் கையில்தான் இருக்கிறது. சந்தேகங்களுக்கு பெரம்பலூர் மாவட்ட விவசாயிகள் வாலிகண்டபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தையும், வேப்பந்தட்டை பருத்தி ஆராய்ச்சி நிலையத்தையும், அரியலூர் மாவட்ட விவசாயிகள் சோழமாதேவி வேளாண் அறிவியல் நிலையத்தையும் அணுகலாம். கோடை உழவுக்குமுன் மண் மாதிரி, ஆவணியில் எருக்குவியல், புரட்டாசியில் விதைச் சாலில் உரம் என்ற வரிசையைக் கடைப்பிடித்தால் உரச் செலவு குறையும். இட்ட மணிச்சத்தும் பயிருக்குப் போய்ச் சேரும்.